கடல்காற்றுக்குக் கதவடைத்த அக்கா

கடல்காற்று வந்ததும் ஜன்னலைச் சாத்துகிற ஆளை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். திருவொற்றியூர்க்காரர்களுக்கு மதியம் ஒரு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து வருகிற காற்று சாமி கொடுத்த வரம். காலையிலிருந்து வெந்து கிடக்கும் வீட்டுக்கு அது வந்தால்தான் உயிர் வரும். ஹவுசிங் போர்டு வீடுகளின் நான்கு மாடியிலும் ஜன்னல்கள் படபடவென்று திறக்கும். அதே நேரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் டமாரென்று மூடும். அதுதான் அக்கா.

பெயர் எழுதாததற்குக் காரணம், அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை. முதல் நாள் படிவத்தை நீட்டிக் கேட்டபோது, "பேரு இன்னாத்துக்கு? வூட்டு நம்பர எழுதிக்கோ. மூச்சு வாங்கறது வூடு பூராந்தான்" என்றார். ஐம்பதைத் தொட்ட வயது. குள்ளம். புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் ஈரத் துண்டு. கணவர் விசைப்படகில் போகிறவர். கடலில் பத்து நாள், வீட்டில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார் என்று கீழ்வீட்டுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் அப்போது காற்றை அளக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். உண்மையில் ஒரு சின்ன பம்பையும் சில கண்ணாடிக் குழாய்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டு மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்குகிற வேலை. முப்பது வயதைத் தாண்டி, கல்யாணமாகி, இதற்காகவா வேதியியல் படித்தோம் என்று தினமும் ஒருமுறை நினைத்துக்கொள்கிற நிலைமை. கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, "காத்தப் பிடிச்சு டப்பால அடைக்கானாம்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வார்.

போர்டு வீடுகளுக்கு மேற்கே, சாலையைத் தாண்டி ஒரு டேங்க் யார்டு. பெட்ரோல், பெயின்ட் தொழிலுக்கான திரவங்கள், இன்னும் என்னென்னவோ பெரிய பெரிய தொட்டிகளில் நிற்கும். காலை ஆறரை மணிக்கு லாரிகளில் ஏற்ற ஆரம்பித்தால் பதினோரு மணி வரை ஏற்றுவார்கள். அவர்கள் இன்னும் சில தொட்டிகள் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்குச் சுற்றுப்புறக் காற்று எப்படி இருக்கிறது என்று ஓர் அறிக்கை வேண்டும், அந்த வேலை எங்கள் கூடத்துக்கு வந்தது. மக்கள் குடியிருக்கிற இடமாக அறிக்கையில் குறித்திருந்தது ஒன்றே ஒன்று, அக்கா குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடி. அந்த மாடியின் சாவி அக்காவிடம் இருந்தது. நெத்திலி வாங்கி வந்து அங்கேதான் அவர் கருவாடு காயவைப்பார்.

டிசம்பரில், இரண்டு நாள் அடைமழை விட்ட மறுநாள் காலையில் போய் நின்றேன். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அக்கா என் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு இல்ல நைனா. குளிச்சிட்டு வந்தவனப் புடிச்சி அழுக்கா கீறானான்னு பாக்கறியா?"

நான் விதிமுறைகளை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நெத்திலியைப் பிரித்துப் போட்டார். நான்கு நாள் கழித்துப் போனேன். அன்று காலையிலிருந்தே கடல் பக்கமிருந்து பலமான காற்று, துணிகள் கொடியில் நிற்கவில்லை. இந்தக் காற்றில் எது தங்கும், எல்லாம் செங்குன்றம் தாண்டிப் போயிருக்கும் என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை மேகமூட்டம். வெயில் இல்லாத நாளில் நீ தேடுவது பிறக்கவே பிறக்காது என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அது சரி. தரைமட்ட ஓசோன், அதாவது நெஞ்சை அரிக்கிற வாயு, எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை, லாரிப் புகையும் தொட்டி ஆவியும் வெயிலில் கிடந்து வெந்து உண்டாவது என்று நான் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். கருவாடு போடுகிற ஒருவர் அதை என்னிடமே சொல்லித் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரே மகள். கல்லூரியில் முதல் வருஷம், கபடி ஆடுகிற பெண். அவளுக்கு இரண்டு வருஷமாக இழுப்பு. எப்போது வருகிறது என்று டாக்டர் கேட்க, அக்கா தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். காற்று எந்தப் பக்கம், வெயில் எப்படி, பெண்ணுக்கு மூச்சு எப்படி. அந்தத் தாள்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டிச் சுருட்டிப் போட்டு வைத்திருந்தார். புகை கண்ணை மறைக்கிற மார்கழிக் காலையில் பெண் இருமுவாள், அவ்வளவுதான். இழுப்பு வந்த நாளெல்லாம் சித்திரை, வைகாசி. மதியம் இரண்டிலிருந்து நாலரை. மேகமில்லாத வானம். கடல்காற்று தாமதமாக வந்த நாள்.

இதை வைத்துக்கொண்டு அவர் முதலில் போய் மோதியது கபடிப் பயிற்சியாளரிடம். மூன்று மணிப் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்று என்றார். காலையில்தான் புகையாக இருக்கிறது, மதியம் நல்ல கடல்காற்று அடிக்கிறதே என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அக்கா தினமும் மூன்று மணிக்கு மைதானத்தின் நடுக்கோட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆட்டத்தை அவரைச் சுற்றித்தான் ஆட வேண்டும். ஆறாவது நாள் பயிற்சி காலைக்கு மாறியது. அந்தப் பயிற்சியாளரை நான் ஒருமுறை சந்தித்தபோது, "அந்தம்மா சொல்றது புரிஞ்சி மாத்தலை சார், முடியாம மாத்தினேன்" என்றார்.

குடியிருப்பில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. ஊர்க் காற்றைப் பற்றிப் பேசுகிறவள் மாடியெல்லாம் கருவாடு போட்டு நாறடிக்கிறாள் என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். "கருவாட்டு நாத்தம் மூக்கோட பூடும். நெஞ்சுல எறங்கிக் குந்திக்காது" என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். கடல்காற்று தாமதமாகிற மதியங்களில் படியேறி இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டி, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். பாதிப் பேர் சாத்துவார்கள், அவர் போனதும் திறப்பார்கள். கரண்ட் வேறு இல்லாத மதியமாக இருந்தால் திட்டும் விழும். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. தகரமும் சிமென்டுமாகக் கொதிக்கிற வீட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பயந்து, கைக்கு எட்டுகிற காற்றை யார் வேண்டாம் என்பார்கள்?

கண்ணுக்குத் தெரிய வைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கருவாட்டுப் பொட்டலத்துக்குப் போடுகிற ரப்பர் பேண்ட் கோடையில் சீக்கிரம் வெடித்து அறுந்துவிடும். வெயிலில் அறுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா இரண்டு சின்னக் கட்டைகளில் ரப்பர் பேண்டை ஒரே மாதிரி இழுத்து மாட்டினார். ஒன்றை இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டு, இரண்டையும் மாடியில் ஒரே தகர நிழலில் பக்கம் பக்கமாக வைத்தார். வெளியே இருந்தது குறுக்கே குறுக்கே வெடித்து ஒரு வாரத்தில் அறுந்தது. பாட்டிலுக்குள் இருந்தது அப்படியே இருந்தது. இரண்டுக்கும் ஒரே சூடு, காற்று மட்டும்தான் வேறு. ஓசோன் பட்டால் ரப்பர் இப்படித்தான் வெடிக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாக ஒரு சோதனை செய்து நான் பார்த்ததில்லை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்ட பிறகு எங்கள் மேலதிகாரி, யார்டின் அலுவலகக் கட்டட மாடியில் கருவியை வைத்து எடு, முகவரி மட்டும் அந்த அம்மாவின் கட்டடத்தைப் போடு, நடுவில் ஒரு சாலைதானே என்றார். அன்றும் முந்தின நாள் மழை பெய்திருந்தது. காலை எட்டு மணிக்கு எடுத்தேன். வந்த எண் சமர்த்துக் குழந்தை மாதிரி வரம்புக்குள் அடங்கி நின்றது. என் கையெழுத்தில் அக்காவின் வீட்டு எண்ணைப் போட்டேன். தப்பு என்று தெரிந்தே போட்டேன். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று காரணங்கள் எல்லோருக்கும் இருப்பவைதான், அதனால் அவற்றைச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. "நைனா, இன்னிக்கு வா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அலுவலகத்தில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. மாடியில் இலை அசையவில்லை. லாரிகள் ஏற்றி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தன. வானம் வெளுத்துப்போய், அடிவானத்தில் கடலும் வானமும் பிரிகிற கோடு தெரியவில்லை. மகளை வீட்டுக்குள் வைத்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அக்கா கருவிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்றேன். நகரவில்லை.

மணிக்கொரு குழாய் என்று மாற்றிக்கொண்டே வந்தேன். உள்ளே தண்ணீர் போல இருக்கும் கரைசல், ஓசோன் பட்டால் மஞ்சளாகும். பன்னிரண்டு மணிக் குழாயில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டே காலுக்குக் கடல்காற்று வந்தது. கீழே ஜன்னல்கள் திறக்கிற சத்தம் கேட்டது. ஜில்லென்று, முகத்துக்கு இதமாக, துளி நாற்றம் இல்லாமல் இருந்தது. அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தது. மூன்று மணிக் குழாயை எடுத்து வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக் காட்டினேன். மெல்லிய மஞ்சள்.

அக்கா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "டிசம்பர்ல அந்த ஆபீஸ் மாடில நின்னுகினு இருந்தியே, இங்கேர்ந்து பாத்தேன். எங்க வூட்டு நம்பரதான் போட்டிருப்பேன்னு தெரியும்."

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது. ஐந்து மாதமாகத் தெரிந்தும், என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "குயா உன்னாண்டதான கீது" என்றார். குழாய் என்னிடம் இருக்கிறது, அதனால் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் இல்லை.

அந்த மே மாதத்து எண்களை எங்கள் மேலதிகாரி குப்பையில் போட்டார். அனுமதியில்லாமல் எடுத்தது செல்லாது என்றார். அறிக்கையில் டிசம்பர் எண்தான் ஏறியது. ஜூனில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில், ஏசி போட்டு, காலை பத்தரைக்கு. மேடையில் ஓர் அதிகாரி, யார்டின் பொறியாளர், எங்கள் மேலதிகாரி. நான் கடைசி வரிசையில் கோப்புகளோடு இருந்தேன்.

பொறியாளர் நன்றாகப் பேசினார். குடியிருப்பு எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, மதியத்தில் காற்றும் கிழக்கே கடலிலிருந்துதான் வருகிறது, அப்படியிருக்க எங்கள் ஆவி காற்றை எதிர்த்து நடந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வரும் என்று கேட்டார். மண்டபம் தலையாட்டியது. குடியிருப்புக்காரர்களே தலையாட்டினார்கள். அக்கா எழுந்தார்.

"காலைல காத்து எந்தப் பக்கம் சார்? கரைலேர்ந்து கடலுக்கு. நீ லாரில ஏத்தறது எப்ப? காலைல. உன் ஆவி எங்க தலை மேலதான் கடலுக்குப் போவுது. அங்க போய் வெயில்ல வேவுது. மத்தியானம் காத்து திரும்புச்சுன்னா அது வெந்துகினு திரும்பி வருது. காலைல நீ கடலுக்கு அனுப்பற, மத்தியானம் கடல் எனக்கு அனுப்புது. ஏப்ரல்ல லாரி ஸ்ட்ரைக்கு, உனுக்கு ஞாபகம் கீதா? அதே வெயிலு, அதே காத்து. எம் பொண்ணு ஒரு நாள் கூட இழுக்கல. வெயில் எறங்கினப்பறம் ஏத்து. அதத்தான் கேக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். பொறியாளர் சிரிக்கவில்லை. எங்கள் மேலதிகாரி மைக்கை வாங்கி, அந்த அம்மாவின் மாடியிலேயே அளந்திருக்கிறோம், எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது, அறிக்கையில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்றார். அக்கா, என் மாடிக் கதவை நான் டிசம்பரில் அளப்பதற்கென்று யாருக்கும் திறக்கவில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். கடைசி வரிசைப் பக்கம் திரும்பவேயில்லை. விரலை நீட்டி அந்த ஆள்தான் என்று காட்டியிருக்கலாம். நான் மாட்டியிருப்பேன், அவர் ஜெயித்திருப்பார். செய்யவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கேதான் எடுத்தீர்களா என்று மறுபடி கேட்டார். ஆமாம் சார் என்றார் எங்கள் மேலதிகாரி.

எழுந்து நின்ற பிறகுதான் எழுந்துவிட்டேன் என்றே தெரிந்தது.

"இல்ல சார். யார்டு ஆபீஸ் மாடியில எடுத்தேன். மழை பெஞ்ச மறுநாள். முகவரியை மாத்தி எழுதினது நான்தான். அவங்க மாடியில மே மாசம் எடுத்தது வேற என் நோட்டுல இருக்கு."

அன்றோடு அந்த வேலை போயிற்று. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மண்டபத்தில் ஒரே கூச்சல். ஒரு மணி நேரம் போல மேடையில் குசுகுசுவென்று பேசி, அதிகாரி எழுந்து படித்தார். இந்த அறிக்கை ஏற்கப்படாது. கோடையில், மதிய நேரத்தில், குடியிருப்போர் சொல்லும் நாட்களில், அதே மாடியில் மறுபடி அளக்க வேண்டும். அதுவரை புதிய தொட்டிகளுக்கு அனுமதி இல்லை. கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. இத்தனை நாள் அக்காவைத் திட்டிய கீழ்வீட்டுப் பெண் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். கூட்டம் முடிந்ததென்று எல்லோரும் எழுந்தார்கள். அன்று மாலை அங்கே ஒரு ரிசப்ஷன். மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்கள், பூக்காரர்கள் மூங்கிலோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. அவரைச் சுற்றி நாற்காலி வரிசைகள் காலியாகிக்கொண்டே வந்தன. அதிகாரி பையை மாட்டிக்கொண்டு போகிற வழியில் நின்று, அதுதான் நீங்கள் கேட்டபடி ஆகிவிட்டதே, கிளம்பலாமே அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

"அளக்கறதுக்கு ஒத்துகினீங்க சார். ஏத்தற நேரத்த மாத்தறதுக்கு இன்னும் ஒத்துக்கலயே. நாளைக்குக் காலைல ஆறரைக்கு மறுபடி ஏத்துவான். அதுக்கு எழுதிக் குடுங்க, நான் போறேன்."

அதிகாரி வாசலைப் பார்த்தார். வாசலில் அவருடைய ஜீப் இஞ்சினைப் போட்டுக்கொண்டு நின்றது. பொறியாளர் பாதி வழியில் திரும்பி நின்றார். அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இருமலை அடக்கியபடி, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அதிகாரி டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்தார்.